எடைமேடையிலிருந்து மண்டிக்கு: ஜாவாவில் ஆர்.எம்.ஐ. கற்கும் முறை

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் சித்திரை பிறந்த சில வாரங்களில் மாங்காய் லோடுகள் வரத் தொடங்கிவிடும். காவேரிப்பட்டணம், பர்கூர், போச்சம்பள்ளி பக்கத்துத் தோப்புகளிலிருந்து பெங்களூரா காயை ஏற்றி வரும் வண்டி முதலில் எடைமேடையில் ஏறும். அங்கே போடப்படும் சீட்டு பிறகு மண்டியின் கணக்கில் ஏறும். அந்தக் கணக்கை வைத்தே தோப்புக்காரருக்குப் பணம் பட்டுவாடாவாகும். எடைமேடை ஓரிடத்திலும் கணக்கு வேறோரிடத்திலும் இருக்கும் இந்த ஏற்பாட்டை நான் என் மாணவர்களுக்கு ஆர்.எம்.ஐ. கற்பிக்க எடுத்துக்கொள்கிறேன். பாடநூல்களில் வரும் இரண்டு எண்களைக் கூட்டும் எடுத்துக்காட்டை விட இது நல்லது என்பது என் உறுதியான கருத்து. கூட்டல் பாதியில் நின்றுபோனால் யாருக்கும் நட்டமில்லை. எடைச்சீட்டு பாதியில் நின்றுபோனால் ஒருவருடைய பணம் நின்றுபோகும்.

ரிமோட் மெத்தட் இன்வொகேஷன் என்பதன் சுருக்கமே ஆர்.எம்.ஐ. ஒரு கணினியில் ஓடும் ஜாவா நிரல், வேறொரு கணினியில் ஓடும் ஜாவா நிரலுக்குள் இருக்கும் ஆப்ஜெக்ட்டின் மெத்தட்டை அழைப்பதற்கான வழி இது. 1997இல் வெளியான ஜே.டி.கே. (ஜாவா நிரல் எழுதுவதற்கான கருவித் தொகுப்பு) 1.1 முதல் ஜாவாவுடன் சேர்ந்தே வருவதால், இதைக் கற்க வேறு எந்த நூலகத்தையும் இறக்கிக்கொள்ளத் தேவையில்லை. இன்று புதிதாக எழுதப்படும் சேவைகளில் பெரும்பாலானவை ரெஸ்ட், ஜி.ஆர்.பி.சி. போன்ற வேறு தொடர்பு முறைகளைக் கொண்டே எழுதப்படுகின்றன. இருந்தும் இதைக் கற்பது நல்லது என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. 1994இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் ஆய்வகத்தைச் சேர்ந்த ஜிம் வால்டோ, ஜெஃப் வயன்ட், ஆன் வோல்ரத், சாம் கெண்டல் ஆகிய நால்வர் ஓர் ஆய்வறிக்கை எழுதினர். தொலைவில் இருக்கும் ஆப்ஜெக்ட்டைப் பக்கத்தில் இருக்கும் ஆப்ஜெக்ட்டைப் போலவே நடத்துவது தவறு என்பதே அதன் வாதம். அந்நால்வரில் ஒருவரான ஆன் வோல்ரத் பின்னர் ஆர்.எம்.ஐ.யின் வடிவமைப்பில் முதன்மைப் பங்கு வகித்தார். ஆகவேதான் ஆர்.எம்.ஐ.யில் தொலைவிலிருந்து அழைக்கப்படும் ஒவ்வொரு மெத்தட்டும் ரிமோட்எக்ஸெப்ஷன் என்ற பிழையை எறியக்கூடும் என்று வெளிப்படையாக அறிவித்தாக வேண்டியிருக்கிறது. அழைப்பு தோற்கக்கூடும் என்பதை நிரலாளர் மறக்க முடியாதபடி, அழைக்கும் இடத்தில் அந்தப் பிழையைக் கையாளுமாறு கம்பைலரே கேட்டு நிற்கும் இந்த ஏற்பாடு, பல கணினிகளில் பகிர்ந்து ஓடும் நிரலாக்கத்தைத் தொடங்கும் மாணவருக்கு மிகவும் தேவையானது.

தொடங்குவதற்கு முன் சில பழைய படிகளைக் கைவிட வேண்டும். பல ஆய்வகக் கையேடுகளில் ஆர்.எம்.ஐ.சி. என்ற கருவியைக் கொண்டு ஸ்டப் (அழைக்கும் பக்கத்தில் ஆப்ஜெக்ட்டுக்குப் பதிலாளாக நிற்பது), ஸ்கெலிட்டன் (மறுபக்கத்தில் அழைப்பை ஏற்பது) என்ற இரண்டு கோப்புகளை உருவாக்கச் சொல்லியிருப்பார்கள். ஸ்கெலிட்டனின் தேவை ஜாவா 1.2 உடனேயே நீங்கிவிட்டது. கிருஷ்ணகிரி தருமபுரியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமான அதே 2004இல் வெளிவந்த ஜாவா 5, ஸ்டப்பை ஓட்டத்தின்போது தானாகவே உருவாக்கிக்கொள்ளத் தொடங்கியது. ஆர்.எம்.ஐ.சி. கருவியே ஜே.டி.கே. 15இல் நீக்கப்பட்டுவிட்டது, புதிய ஜாவாவை நிறுவிய கணினியில் அந்தக் கட்டளையை இட்டால் அப்படி ஒரு கட்டளை இல்லை என்ற பதிலே வரும். செக்யூரிட்டி மேனேஜரையும் பாலிசி கோப்பையும் அமைக்கச் சொல்லும் பக்கங்களையும் கடந்து செல்லலாம்.

ஒப்பந்தத்தை எழுதுதல்

முதல் வேலை இன்டர்ஃபேஸ் எழுதுவது. எடைமேடைக்கும் மண்டிக்கும் இடையிலான ஒப்பந்தம் என்று அதைக் கொள்ளலாம். ஜாவா தன் பெயர்களில் யூனிகோட் எழுத்துகளை ஏற்பதால் அதற்கு எடைச்சேவை என்று தமிழிலேயே பெயரிடலாம், ஜே.டி.கே. 18 முதல் யூ.டி.எஃப்-8 இயல்பான குறியாக்கமாகிவிட்டதால் கம்பைலருக்குத் தனியாக எதுவும் சொல்ல வேண்டியதுமில்லை. இந்த இன்டர்ஃபேஸ் ரிமோட் என்ற இன்டர்ஃபேஸை எக்ஸ்டெண்ட் செய்ய வேண்டும். அந்த ரிமோட்டுக்குள் எந்த மெத்தட்டும் கிடையாது. இந்த வகை தொலைவிலிருந்து அழைக்கத்தக்கது என்று காட்டும் அடையாளம் மட்டுமே அது. நம் இன்டர்ஃபேஸில் இரண்டு மெத்தட்கள் போதும். பதிவுசெய் என்பது ஓர் எடைச்சீட்டைப் பெற்று, பதிவானதா என்று திருப்பித் தரும். நாள்மொத்தம் என்பது ரகத்தின் பெயரைப் பெற்று, அன்று வந்த நிகர எடையைத் தரும். இரண்டும் ரிமோட்எக்ஸெப்ஷனை எறிவதாக அறிவிக்க வேண்டும்; அறிவிக்காமல் விட்டால் நிரல் கம்பைலாகும், ஆனால் ஆப்ஜெக்ட்டை வெளியிடும் கட்டத்தில் ஜாவா மறுத்துவிடும்.

அடுத்து எடைச்சீட்டு என்ற கிளாஸ். சீட்டு எண், வண்டி எண், ரகம், லோடு எடை, காலி வண்டி எடை, நேரம் ஆகியவை இதன் புலங்கள். ஒரு பெங்களூரா லோடு 8,460 கிலோ, காலி வண்டி 3,210 கிலோ என்றால் நிகரம் 5,250 கிலோ. இந்தக் கிளாஸ் சீரியலைசபிள் என்ற இன்டர்ஃபேஸை ஏற்க வேண்டும். அப்போதுதான் ஆப்ஜெக்ட்டை பைட் வரிசையாக்கிக் கம்பியில் அனுப்பி, மறுபக்கத்தில் மீண்டும் ஆப்ஜெக்ட்டாக்க முடியும். சீரியல்வெர்ஷன்யூ.ஐ.டி. என்ற எண்ணையும் நாமே எழுதிவிடுவது நல்லது. எழுதாவிட்டால் ஜாவா கிளாஸின் அமைப்பிலிருந்து ஓர் எண்ணைக் கணக்கிட்டுக்கொள்ளும், ஒரு புலத்தைச் சேர்த்தாலே அந்த எண் மாறிவிடும், பழைய கிளாஸை வைத்திருக்கும் எடைமேடை அனுப்பும் சீட்டை மண்டிக் கணினி ஏற்க மறுக்கும்.

இங்கே சற்று நின்று ஒரு சோதனையைச் செய்துபார்க்க வேண்டும். பதிவுசெய் மெத்தட்டுக்குள், சர்வர் பக்கத்தில் (மண்டிக் கணினியில்), வந்த சீட்டின் ரகத்தைச் சேந்தூரா என்று மாற்றி எழுதுங்கள். அழைப்பு முடிந்தபின் கிளையண்ட் பக்கத்தில் (எடைமேடைக் கணினியில்) அதே சீட்டை அச்சிட்டுப் பாருங்கள். அதில் பெங்களூரா என்றே இருக்கும். ஒரே நிரலுக்குள் ஆப்ஜெக்ட்டை அனுப்பினால் இருவரும் ஒரே ஆப்ஜெக்ட்டைத் தொடுகிறார்கள், ஆர்.எம்.ஐ.யில் சீரியலைசபிள் ஆப்ஜெக்ட்டின் நகல்தான் போய்ச் சேர்கிறது. சீட்டை எழுதிக் கார்பன் தாளில் விழுந்த படியை மண்டிக்கு அனுப்புவதைப் போன்றது அது. படியில் திருத்தினால் அடிக்கட்டை திருந்தாது. ஆனால் அனுப்பப்படும் ஆப்ஜெக்ட் ரிமோட் வகையைச் சேர்ந்ததாகவும் ஏற்கெனவே வெளியிடப்பட்டதாகவும் இருந்தால் நகல் போகாது, அதை அழைப்பதற்கான ஸ்டப் போகும். இந்த வேறுபாட்டைச் சோதனையாகச் செய்து பார்த்தவர் மறப்பதில்லை என்பதை வகுப்பில் பலமுறை கண்டிருக்கிறேன்.

இன்டர்ஃபேஸை நிறைவேற்றும் கிளாஸை எழுதும்போது ஒரு விஷயத்தை முதலிலேயே மனத்தில் கொள்ள வேண்டும். இரண்டு எடைமேடைகள் ஒரே நேரத்தில் அழைத்தால் ஆர்.எம்.ஐ. அவ்விரு அழைப்புகளையும் வெவ்வேறு த்ரெட்டுகளில் (நிரலுக்குள் தனித்தனியே ஓடும் இழைகளில்) ஒரே சமயத்தில் ஓட்டக்கூடும். சாதாரண முழு எண் ஒன்றை ஒவ்வோர் அழைப்பிலும் ஒன்று கூட்டும்படி எழுதிவிட்டு, இரண்டு கிளையண்ட்களிலிருந்து ஆளுக்குப் பத்தாயிரம் முறை அழைத்துப் பார்த்தால், 20,000 வர வேண்டிய இடத்தில் பெரும்பாலும் குறைவான எண்ணே வரும். ஆகவே சீட்டுகளைச் சேர்த்து வைக்க கன்கரண்ட்ஹேஷ்மேப் என்ற தொகுப்பையும், எண்ணிக்கைக்கு அட்டாமிக்இன்டிஜரையும் பயன்படுத்துங்கள்.

சர்வரின் மெயின் மெத்தட்டில் மூன்று வேலைகள் உண்டு. யூனிகாஸ்ட்ரிமோட்ஆப்ஜெக்ட் என்ற கிளாஸின் எக்ஸ்போர்ட்ஆப்ஜெக்ட் மெத்தட்டைக் கொண்டு நம் ஆப்ஜெக்ட்டை வெளியிட வேண்டும். லொகேட்ரெஜிஸ்ட்ரி வழியாக 1099 என்ற போர்ட்டில், பெயரைக் கொண்டு ஆப்ஜெக்ட்டைத் தேடித் தரும் பதிவேடான ரெஜிஸ்ட்ரியைத் தொடங்க வேண்டும். கிடைத்த ஸ்டப்பை எடை என்ற பெயரில் ரீபைண்ட் மெத்தட்டால் அதில் பதிய வேண்டும். ஆப்ஜெக்ட்டையும் ரெஜிஸ்ட்ரியையும் ஸ்டாட்டிக் புலங்களில் வைத்துக்கொள்ளுங்கள். உள்ளூர் மாறிகளில் விட்டுவிட்டால், சில நேரம் நன்றாக ஓடிய சர்வர் பயன்பாட்டில் இல்லாத ஆப்ஜெக்ட்களை ஜாவா அழிக்கும் குப்பை நீக்கத்துக்குப் பின் அந்த ஆப்ஜெக்ட் இல்லை என்று பதில் சொல்லும் நிலை வரக்கூடும். கிளையண்ட் பக்கம் எளிது. ரெஜிஸ்ட்ரியின் முகவரியையும் போர்ட்டையும் கொடுத்து, எடை என்ற பெயரை லுக்அப் செய்து, கிடைப்பதை எடைச்சேவை வகையாக மாற்றி, பதிவுசெய் என்று அழைக்க வேண்டும்.

அழைத்தவுடன் நடப்பது இது. கிளையண்ட் கையில் இருப்பது உண்மையான ஆப்ஜெக்ட் அன்று, அதன் முகவரியைச் சுமக்கும் ஸ்டப். அது சீட்டை பைட் வரிசையாக்கி, எந்த மெத்தட் என்பதைக் குறிக்கும் 64 பிட் எண்ணுடன் டி.சி.பி. இணைப்பில் அனுப்புகிறது. அந்த எண் மெத்தட்டின் பெயர், அளவுருக்கள், திருப்பும் வகை ஆகியவற்றிலிருந்து கணக்கிடப்படுவது. ஆகவே சர்வரில் மட்டும் இன்டர்ஃபேஸை மாற்றிக் கம்பைல் செய்து, கிளையண்டைப் பழையபடி விட்டால், மெத்தட் ஹேஷ் (அந்த 64 பிட் எண்) அடையாளம் தெரியவில்லை என்ற பிழை வரும். அதைக் கண்டால் நெட்வொர்க்கைச் சந்தேகிக்க வேண்டாம். இரு பக்கமும் ஒரே இன்டர்ஃபேஸ் கோப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டாவது கணினி

ஒரே கணினியில் இரண்டு ஜன்னல்களைத் திறந்து சர்வரையும் கிளையண்டையும் ஓட்டிவிட்டு ஆர்.எம்.ஐ. கற்றுவிட்டதாக எண்ணுவது பரவலாகக் காணப்படும் தவறு. கற்க வேண்டியவற்றில் பாதி, இரண்டாவது கணினியை இணைத்த பிறகே கண்ணில் படும். கல்லூரி ஆய்வகத்திலோ வீட்டு ரூட்டரிலோ இரண்டு கணினிகளை ஒரே நெட்வொர்க்கில் இணையுங்கள். சர்வரின் முகவரி 192.168.1.20 என்று வைத்துக்கொள்வோம்.

முதல் முறை ஓட்டும்போது, குறிப்பாகச் சர்வர் கணினியில் உபுண்டு இருந்தால், விசித்திரமான ஒன்று நேரும். லுக்அப் வெற்றி பெறும். அதாவது கிளையண்ட் சர்வரைத் தொட்டுவிட்டது. ஆனால் அடுத்த வரியில் பதிவுசெய் என்று அழைத்தவுடன், 127.0.1.1 என்ற முகவரியில் இணைப்பு மறுக்கப்பட்டது என்ற பிழை வரும். நாம் எங்கும் அந்த எண்ணை எழுதவில்லையே என்று மாணவர்கள் திகைத்துப் போவார்கள். உபுண்டு நிறுவப்படும்போது அதன் ஹோஸ்ட்ஸ் கோப்பில் கணினியின் சொந்தப் பெயருக்கு எதிரே 127.0.1.1 என்று எழுதப்படுகிறது. சர்வர் தன் ஆப்ஜெக்ட்டை வெளியிடும்போது தன் முகவரி என்ன என்று தன் கணினியையே கேட்டு, அந்த எண்ணை ஸ்டப்புக்குள் எழுதிவிடுகிறது. அந்த ஸ்டப் ரெஜிஸ்ட்ரி வழியாகக் கிளையண்டின் கைக்கு வந்ததும், கிளையண்ட் 127 என்று தொடங்கும் முகவரியைத் தேடித் தன் கணினிக்குள்ளேயே போய் முட்டுகிறது. பெயரையும் ஊரையும் சரியாகக் கேட்டுவந்தவரிடம் கதவு எண்ணாக அவருடைய வீட்டு எண்ணையே எழுதிக்கொடுத்ததற்கு ஒப்பானது இது. ஜாவா.ஆர்எம்ஐ.சர்வர்.ஹோஸ்ட்நேம் என்ற பண்புக்கு 192.168.1.20 என்ற மதிப்பைக் கொடுத்துச் சர்வரைத் தொடங்கினால் சரியாகிவிடும். ஆப்ஜெக்ட்டை வெளியிடுவதற்கு முன்பே இம்மதிப்பு இருந்தாக வேண்டும், கிளையண்டில் வைத்துப் பயனில்லை.

அடுத்த தடை ஃபயர்வால். 1099ஐத் திறந்துவிட்டேன், இருந்தும் அழைப்பு போகவில்லை என்பார்கள். 1099 ரெஜிஸ்ட்ரியின் போர்ட் மட்டுமே. ஆப்ஜெக்ட்டுக்குத் தனி போர்ட் உண்டு. எக்ஸ்போர்ட்ஆப்ஜெக்ட்டில் போர்ட் எண்ணாக 0 என்று கொடுத்தால் ஒவ்வொரு முறையும் கிடைத்த ஏதோ ஒரு போர்ட் எடுத்துக்கொள்ளப்படும். 2099 என்பதைப் போல ஓர் எண்ணை நிலையாகக் கொடுத்து, அதையும் ஃபயர்வாலில் திறந்துவிடுங்கள்.

எடைமேடைக் கணினியை இணையம் வழியாக மண்டியுடன் இணைக்கலாமா என்ற கேள்வி இங்கே இயல்பாக எழும். 1099ஐ வெளி இணையத்துக்குத் திறந்து வைக்கவே கூடாது. வரும் பைட்டுகளை ஆப்ஜெக்ட்டாக மாற்றும் செயலே ஜாவாவில் பல தாக்குதல்களுக்கு வழிவிட்டிருக்கிறது. அதைத் தடுக்கவே 2017இல் வந்த ஜாவா 9இல் சீரியலைசேஷன் வடிகட்டி சேர்க்கப்பட்டது. எந்தெந்தக் கிளாஸ்களை மட்டும் உள்ளே விடலாம் என்று அதில் வரையறுக்கலாம். வடிகட்டி இருந்தாலும் வெளியிடங்களிலிருந்து வரும் அழைப்புகளை வி.பி.என். என்ற பாதுகாப்பான தனி இணைப்பு வழியாக மட்டுமே ஏற்பது முறை.

கம்பியைப் பிடுங்கிப் பார்த்தல்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மண்டிக்காக இதே போன்ற நிரலை எழுதிக் கொடுத்தேன். ஜூன் மாத மாலை ஒன்றில் மின்சாரம் போனது. கணினிகள் யு.பி.எஸ்.ஸில் ஓடின, நடுவிலிருந்த நெட்வொர்க் சுவிட்ச் மட்டும் அணைந்துவிட்டது. எடைமேடையில் இருந்தவர் ஒரு லோடைப் பதியும் பொத்தானை அந்த நேரத்தில் அழுத்தியிருந்தார். திரை அசையாமல் நின்றது. அவர் நிரலை மூடி, மின்சாரம் வந்தபின் திறந்து, அதே லோடை மீண்டும் பதிந்தார். இரவில் கணக்குப்பிள்ளை அடிக்கட்டைகளை எண்ணியபோது கணக்கில் ஒரு வண்டி கூடுதலாக இருந்தது. முதல் அழைப்பு மண்டிக்குப் போய்ச் சேர்ந்து பதிவாகிவிட்டது. பதிவாயிற்று என்ற பதில்தான் திரும்பி வரவில்லை. அவர் அடிக்கட்டைகளை எண்ணாமல் விட்டிருந்தால் 5,000 கிலோவுக்கு மேற்பட்ட காய்க்கு இருமுறை பணம் போயிருக்கும். அன்றிலிருந்து இந்தப் பகுதியைச் சொல்லிக்கொடுக்காமல் ஆர்.எம்.ஐ. பாடத்தை நான் முடிப்பதில்லை.

நீங்களும் அதை நடத்திப் பாருங்கள். பதிவுசெய் மெத்தட்டில் சீட்டைச் சேர்த்த பின், திருப்பும் வரிக்கு முன், 20 விநாடி உறங்கும் கட்டளையை வையுங்கள். கிளையண்டிலிருந்து அழைத்துவிட்டு, அந்த 20 விநாடிக்குள் சர்வர் நிரலை நிறுத்துங்கள். கிளையண்டில் உடனே பிழை வரும், ஏனெனில் நிரல் இறந்தவுடன் இயங்குதளம் இணைப்பை மூடிவிடுகிறது. இப்போது சர்வரை மீண்டும் தொடங்கி, மறுபடி அழைத்து, இம்முறை சர்வர் கணினியின் நெட்வொர்க் கம்பியைப் பிடுங்குங்கள். கிளையண்ட் ஒன்றும் சொல்லாது, காத்துக்கொண்டே இருக்கும். கம்பி பிடுங்கப்பட்டதை அதற்குச் சொல்ல யாருமில்லை. ஓரிரு நிமிடத்தில் கம்பியைச் செருகினால் டி.சி.பி. பதிலை மீண்டும் அனுப்பி, எதுவும் நடக்காததுபோல் அழைப்பு முடியும். செருகாவிட்டால், ஆர்.எம்.ஐ.யில் பதிலுக்கான காலவரம்பு இயல்பாக வைக்கப்படாததால், காத்திருப்பு மணிக்கணக்கில் நீளக்கூடும். கிளையண்டில் சன்.ஆர்எம்ஐ.டிரான்ஸ்போர்ட்.டிசிபி.ரெஸ்பான்ஸ்டைம்அவுட் என்ற பண்பை 10,000 மில்லி விநாடிக்கு வைத்துப் பார்த்தால், பத்து விநாடியில் ரிமோட்எக்ஸெப்ஷன் வகைப் பிழை வந்து சேரும்.

அந்தப் பிழை சொல்வது என்ன என்பதைக் கவனமாகப் படிக்க வேண்டும். பதிவு நடக்கவில்லை என்று அது சொல்லவில்லை. நடந்ததா இல்லையா என்று தெரியவில்லை என்றே சொல்கிறது. ஆகவே பிழையைப் பிடிக்கும் இடத்தில், பதிவு தோல்வி என்று திரையில் எழுதுவது பொய்யாகும். ஆர்.எம்.ஐ. அழைப்பைத் தானாக மறுமுறை அனுப்புவதில்லை. அந்த முடிவை நம்மிடம் விடுகிறது. மறுமுறை அனுப்பினாலும் கெடுதல் வராதபடி சேவையை அமைப்பதே தீர்வு. சீட்டு எண்ணை மண்டி வழங்கும்படி அமைத்திருந்ததுதான் என் நிரலின் குறை. ஒவ்வோர் அழைப்புக்கும் புது எண் கிடைத்ததால் ஒரே லோடு இரண்டு சீட்டாகிவிட்டது. எண்ணை எடைமேடையே உருவாக்க வேண்டும். இடத்தின் குறி, தேதி, வரிசை எண் ஆகியவற்றைச் சேர்த்து ஓர் எண்ணை அமைத்து, அழைப்பதற்கு முன்பே உள்ளூர்க் கோப்பில் எழுதி வைத்துவிட வேண்டும். சர்வர் பக்கத்தில் புட்இஃப்ஆப்சென்ட் என்ற மெத்தட்டால் சேர்த்தால், அதே எண் இரண்டாம் முறை வரும்போது புதிதாக எதுவும் ஏறாது. ஏற்கெனவே பதிவானது என்ற பதில் மட்டும் போகும்.

ஒன்று மிஞ்சுகிறது. சர்வரை நிறுத்தித் தொடங்கியபின், கிளையண்ட் தன்னிடமிருந்த பழைய ஸ்டப்பாலேயே அழைத்தால் நோசச்ஆப்ஜெக்ட்எக்ஸெப்ஷன் வரும். போர்ட் அதுவாக இருந்தாலும் ஆப்ஜெக்ட்டின் அடையாள எண் புதிது. அந்தப் பிழையைப் பிடித்து, லுக்அப் செய்து புதிய ஸ்டப்பைப் பெற்று, கோப்பில் எழுதி வைத்த அதே சீட்டை அதே எண்ணுடன் மீண்டும் அனுப்ப வேண்டும். அப்போது ஹேஷ்மேப்பில் பார்த்தால் முந்தைய சீட்டுகள் எதுவும் இராது, ஏனெனில் அவை நினைவகத்தில் மட்டுமே இருந்தன. ஆகவே சீட்டு எண்ணை முதன்மைச் சாவியாகக் கொண்ட ஒரு டேட்டாபேஸ் அட்டவணையில் எழுதி முடித்த பிறகே பதிவுசெய் மெத்தட் பதில் தரும்படி மாற்றி, 20 விநாடி உறக்கத்தையும் கம்பி பிடுங்குவதையும் முதலிலிருந்து மறுபடி நடத்துங்கள். அட்டவணையில் அந்த வண்டிக்கு ஒரே ஒரு வரி இருக்க வேண்டும்.